எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? அறிவியல் புனைகதைக்கும் ஃபேன்டஸிக்கும் மூன்று வரிசைகள்

கல்கியை வாசித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ‘பார்த்திபன் கனவு’ 1941இல் தொடராகத் தொடங்கி 1943இல் முடிந்தது. ‘சிவகாமியின் சபதம்’ அதற்குப் பின், 1944இல் வரத் தொடங்கியது. ஆனால் கதை நடக்கும் காலத்தைப் பார்த்தால் சபதம்தான் முந்தியது. கனவில் நரசிம்மவர்மர் வயதுவந்த மகளுக்குத் தகப்பன். சபதத்தில் அவர் இளவரசர், சிவகாமியின் மேல் காதல் கொண்டவர். எதை முதலில் எடுப்பது என்று வாசிக்கிற குடும்பம் ஒன்றில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

ஆங்கிலத்தில் அறிவியல் புனைகதையும் ஃபேன்டஸியும் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இதே இடத்தில்தான் முதலில் தயங்கி நிற்கிறார்கள். அங்கே சிக்கல் இன்னும் பெரிது. ஒரு தொடரில் ஏழு புத்தகம் இருக்கும், இன்னொன்றில் நாற்பத்தொன்று. எழுத்தாளர் முன்னும் பின்னுமாக எழுதியிருப்பார். கதையின் தொடக்கம் கடைசியில் வெளிவந்திருக்கும். பதிப்பகம் அட்டையின் முதுகில் ஓர் எண் போட்டிருக்கும்; பழைய வாசகர்கள் வேறோர் எண் சொல்வார்கள்.

வழி மூன்றுதான். புத்தகங்கள் வெளிவந்த வரிசையில் படிக்கலாம். கதைக்குள் காலம் ஓடுகிற வரிசையில் படிக்கலாம். அல்லது வரிசையையே விட்டுவிட்டு, நுழைய வசதியான ஒரு நல்ல புத்தகத்தைப் பிடித்து, அதன் பாத்திரங்களை மட்டும் தொடர்ந்து போகலாம். சந்தோஷத்துக்காகத்தானே படிக்கிறோம், அதனால் எந்த வழியில் சந்தோஷம் கூடுதலோ அதுவே சரியான வழி. முதல் வாசிப்புக்கு அது பெரும்பாலும் வெளிவந்த வரிசைதான் என்பது என் முடிவு. இந்த இரண்டு வகை எழுத்திலும் வாசகருக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதிலேயே பாதி இன்பம் இருக்கிறது. அறிமுகமில்லாத உலகத்தில் நம்மை இறக்கிவிட்டு, எதை எப்போது சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று எழுத்தாளர் யோசித்து வைத்திருக்கிறார். பிற்பாடு எழுதிய முன்கதையை முதலில் படித்தால் அந்த யோசனை வீணாகிவிடும். ஆனால் இது எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இந்த விவாதத்தில் அதிகம் அடிபடுவது சி. எஸ். லூயிஸின் நார்னியா. ஏழு புத்தகங்கள், 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. முதலில் வந்தது ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’. நார்னியா என்ற உலகம் எப்படி உண்டானது என்று சொல்லும் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ ஆறாவதாக, 1955இல் வந்தது. இன்று கடையில் கிடைக்கும் பெட்டித் தொகுப்புகளில் பெரும்பாலும் அதற்குத்தான் எண் 1. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 1994இல் கதைக்கால வரிசைக்கு மாற்றியதன் விளைவு அது.

மாற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது லூயிஸ் 1957இல் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு எழுதிய கடிதம். கதைக்கால வரிசைதான் சரி என்பது சிறுவனின் கட்சி, வெளிவந்த வரிசை என்பது அவன் அம்மாவின் கட்சி. லூயிஸ் சிறுவன் பக்கம் சாய்ந்து பதில் எழுதினார். ஆனால் அதே கடிதத்தில், முதல் புத்தகத்தை எழுதும்போது இன்னும் எழுதப் போவதே தனக்குத் தெரியாது என்றும், எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றும் சொல்லியிருக்கிறார். குழந்தையின் மனம் நோகாமல் எழுதிய அன்பான பதில் அது. அதைச் சட்டமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

புத்தகத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம். முதல் புத்தகத்தில் அலமாரிக்குள் நுழைந்த லூசி என்ற சிறுமி பனி மூடிய காட்டில் எரிகிற ஒரு தெருவிளக்கைப் பார்க்கிறாள். காட்டுக்கு நடுவில் தெருவிளக்கு எப்படி வந்தது? முதல் புத்தகம் அதற்குப் பதில் சொல்வதில்லை. பதில் ‘மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வில் இருக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு வருகிற குழந்தைக்கு அந்த விளக்கு தெரிந்த சமாசாரம். படிக்காத குழந்தைக்கு அது ஐந்து புத்தகங்கள் கூடவே வருகிற புதிர். அஸ்லான் என்ற பெயர் முதல் தடவை காதில் விழும் இடத்தில், அது யார் என்று உங்களைப் போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி வாசகரிடம் நேராகவே பேசுகிறார். எண் 1 என்று போட்ட புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவரிடம் இந்த வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. ஆகவே நார்னியாவுக்கு வெளிவந்த வரிசை. வீட்டில் பெட்டித் தொகுப்பு இருந்தால் இரண்டாம் எண் போட்டதை முதலில் எடுத்துக் கொடுங்கள், அவ்வளவுதான். ஒரு சலுகை உண்டு: ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கிட்டத்தட்ட தனிக்கதை, முதல் புத்தகத்துக்குப் பிறகு எங்கே சொருகினாலும் கெடுதல் இல்லை.

ஐசக் அசிமோவ் விஷயத்தில் கேள்வி உண்மையிலேயே கடினம், அதனால் சுவாரசியமும் கூடுதல். ஃபவுண்டேஷன் கதைகள் 1942 மே மாதத்திலிருந்து ‘அஸ்டவுண்டிங்’ என்ற மாத இதழில் வந்தன. 1951, 52, 53 ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாயின. 1966இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடர் என்று, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் வாங்கின. அப்புறம் 29 ஆண்டுகள் அந்தத் தொடரில் புதுப் புத்தகமே இல்லை. 1982இல் ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’, 1986இல் ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’. பிறகு பின்னோக்கிப் போய் 1988இல் ‘ப்ரீலூட் டு ஃபவுண்டேஷன்’. 1992இல் அவர் இறந்தபின் 1993இல் ‘ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்’. கடைசியாக எழுதிய இந்த இரண்டும்தான் ஃபவுண்டேஷன் கதையில் காலத்தால் முந்தியவை.

இதோடு நிற்கவில்லை. தனியாக எழுதிவந்த ரோபோ நாவல்களையும் பேரரசு நாவல்களையும் எண்பதுகளில் அவரே ஃபவுண்டேஷனோடு முடிச்சுப் போட்டுவிட்டார். ‘ப்ரீலூட்’ முன்னுரையில் எல்லாவற்றையும் கதைக்கால வரிசைப்படி பட்டியலிட்டும் கொடுத்திருக்கிறார். ரோபோக்கள் முதலில், பேரரசு அடுத்து, ஃபவுண்டேஷன் கடைசியில். இப்படித்தான் படிக்க வேண்டுமோ என்னவோ என்ற தொனியில், ஓர் ‘ஒருவேளை’யும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

எழுத்தாளரே கொடுத்த பட்டியலை ஏன் மறுக்க வேண்டும்? முதல் காரணம் ஹாரி செல்டன். கோடிக்கணக்கான மனிதர்களின் போக்கைக் கணிதத்தால் கணிக்கும் மனோவரலாறு என்ற துறையை உண்டாக்கியவர் அவர். விண்மீன் மண்டலப் பேரரசு விழுந்தால் 30,000 ஆண்டு இருட்டு வரும், அதை 1,000 ஆண்டாகக் குறைக்கலாம் என்பது அவர் திட்டம். அதற்காக அவர் நிறுவும் அமைப்புதான் ஃபவுண்டேஷன். ‘ஃபவுண்டேஷன்’ நாவலின் முதல் பகுதியில் அவரைக் கிழவராக, விசாரணைக் கூண்டில் பார்க்கிறோம். அடுத்த பகுதியில் அவர் உயிரோடு இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து ஓர் அறை திறக்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவருடைய பதிவு செய்த உருவம் பேசுகிறது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அவர் அந்த உருவமும் ஒரு பெயரும் மட்டும்தான். இந்தத் தூரம்தான் அவரைப் பெரியவராக்குகிறது. ‘ப்ரீலூட்’டில் அவருக்கு 32 வயது; டிரான்டர் கிரகத்தில் துரத்தப்பட்டு ஓடுகிறார், தடுமாறுகிறார், காதலிக்கிறார். நல்ல நாவல்தான். ஆனால் அதை முதலில் படித்தவர் அந்த அறை திறக்கும்போது பழைய நண்பரைப் பார்ப்பார். நாம் அங்கே பார்க்க வேண்டியது யாரும் நெருங்க முடியாத ஒருவரை.

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. 1953இல் வந்த மூன்றாம் புத்தகம் முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: செல்டன் மறைவாக நிறுவிய இரண்டாம் ஃபவுண்டேஷன் எங்கே இருக்கிறது? அதைத் தேடுகிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் விடை சரியென்றே நம்புவார்கள், நாமும் கூடவே நம்புவோம். ‘ஃபார்வர்ட்’ அந்த விடையைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. கதைக்கால வரிசையில் வந்தவருக்கு மூன்றாம் புத்தகத்தின் திருப்பங்கள் எல்லாம் வீண்.

மூன்றாவது, எழுத்தின் வயது. நாற்பதுகளில் எழுதிய கதைகளில் அணுசக்திதான் அறிவியலின் உச்சம். மேயர் ஹார்டின் சுருட்டுப் பிடிக்கிறார். கணினி என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. 1982இல் வந்த புத்தகத்தில் கைகளை வைத்தால் மனத்தோடு இணைகிற கணினி விண்கலத்தை ஓட்டுகிறது. வெளிவந்த வரிசையில் படித்தால் எழுத்தாளரும் அவர் காலமும் வளர்வது தெரிகிறது, அதுவே ஓர் இன்பம். கதைக்கால வரிசையில் படித்தால் எண்பதுகளின் உரைநடையிலிருந்து திடீரென நாற்பதுகளுக்குத் தூக்கிப் போடப்படுவோம். பலர் அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அசிமோவுக்கு மூன்றாம் வழியும் அருமையாக வேலை செய்கிறது. துப்பறியும் கதையில் ருசி உள்ளவர்கள் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (1954) புத்தகத்தில் நுழையலாம். மூடிய நகரங்களுக்குள் வாழ்ந்து திறந்த வானத்தைக் கண்டால் நடுங்கும் பூமிவாசிகள், அவர்களில் ஒரு போலீஸ்காரர், அவருக்குத் துணையாக மனித உருவில் ஒரு ரோபோ, கையில் ஒரு கொலைவழக்கு. அடுத்தது ‘தி நேக்கட் சன்’ (1957). அங்கே ஒரு கிரகம் முழுவதற்கும் 20,000 பேர்தான். நேரில் சந்திப்பதை அருவருத்து, ஒருவரையொருவர் பிம்பமாக மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். வீடியோ அழைப்பிலேயே உறவுகளைப் பேணிவருகிற நமக்கு 1957இன் இந்தக் கற்பனை சில இடங்களில் மனத்தைப் பிசையும். ரோபோ நாவல்களில் தொடங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ புத்தகத்தை ரோபோ நாவல்களுக்கும் முதல் நான்கு ஃபவுண்டேஷன் புத்தகங்களுக்கும் பின்னால் வையுங்கள். ஏன் என்று இங்கே சொன்னால் அதன் முடிவு கெட்டுவிடும். பேரரசு நாவல்கள் மூன்றையும் முதல் சுற்றில் விட்டுவிடலாம், கதை ஓட்டத்துக்கு ஒரு குறையும் வராது.

டோல்கீனுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தி ஹாபிட்’ (1937), அப்புறம் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55). காலத்தால் முந்தியது ‘தி சில்மரில்லியன்’. உலகம் இசையிலிருந்து படைக்கப்படுவதில் தொடங்கும் அந்த நூலை அவர் மறைவுக்குப் பின் 1977இல் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்டார். ஆதியிலிருந்து தொடங்குகிறேன் என்று அதை முதலில் எடுத்தவர்கள் பெயர்களின் காட்டில் வழிதவறித் திரும்பிவிடுவதைத்தான் பார்க்கிறேன். முதல் இரண்டையும் நேசித்தபின் அதே பெயர்கள் ஒவ்வொன்றும் ஒளிவிடும். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்த வரலாற்றைவிட, போகிற வழியில் பாத்திரங்கள் முணுமுணுக்கும் இரண்டு வரிப் பாட்டில் தெரியும் பழங்காலம் முதல் வாசிப்புக்கு ஆழமாகத் தோன்றும்.

இங்கே வெளிவந்த வரிசைக்கு ஓர் அழகான துணைக்கதை உண்டு. ‘ஹாபிட்’டின் 1937 பதிப்பில் கோலம் (Gollum) என்ற குகைவாசி, கதாநாயகன் பில்போவிடம் புதிர்ப் போட்டியில் தோற்றபின் மோதிரத்தைப் பரிசாகத் தர மனமுவந்து முன்வருகிறான். பிற்பாடு எழுதிய பெரிய நாவலில் மோதிரத்தின் இயல்பே வேறாகிவிட்டதால், 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றினார். பழைய வடிவம் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே விளக்கமும் வைத்தார். அவ்வளவு கவனமாகத் தைத்த தையலை வரிசை மாற்றி ஏன் பிரிக்க வேண்டும்?

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ விஷயத்தில் எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே முக்கியம். 1965இல் வந்த முதல் நாவலில்தான் தொடங்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1986இல் இறப்பதற்குள் அவர் எழுதியவை மொத்தம் ஆறு. 1999லிருந்து அவர் மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் சேர்ந்து ஏகப்பட்ட முன்கதைகள் எழுதினார்கள். சில முன்கதைகள் பத்தாயிரம் ஆண்டு பின்னால் போய், சிந்திக்கும் இயந்திரங்களோடு நடந்த போரைச் சொல்கின்றன. மூல நாவலில் அந்தப் போர் சில குறிப்புகளிலும் பின்னிணைப்பிலும் மட்டும்தான் தலைகாட்டும். கணினி இல்லாத அந்த எதிர்காலத்துக்கு வேண்டிய திகிலை அந்த மௌனமே கொடுத்துவிடுகிறது. எனவே ஹெர்பர்ட்டின் முதல் புத்தகம், முடிந்தால் கையோடு இரண்டாவதான ‘டியூன் மெஸையா’வும் (1969). முதலாவதை மட்டும் படித்தால் மையப் பாத்திரமான பால் (Paul) என்பவனை ஒரு வீரநாயகனாக எண்ணி மூடிவிடும் வாய்ப்பு இருக்கிறது. நாயகர்களை நம்பிப் பின்னால் போவதன் ஆபத்தை ஹெர்பர்ட் சொல்ல நினைத்தது இரண்டாவதில் முழுசாகப் புரியும். மூன்று முதல் ஆறு வரை ருசி பிடித்தவர்களுக்கு மட்டும்.

இதுவரை வெளிவந்த வரிசைக்கே வாதாடினேன். டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டில் அந்த வாதம் செல்லாது. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். முதலாவதான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ அந்தக் காலத்து ஃபேன்டஸிக் கதைகளைக் கிண்டல் செய்து எழுதியது. மூலக்கதைகளைப் படிக்காதவர்களுக்குப் பாதிச் சிரிப்பு பிடிபடாது. பிராட்செட் தன் குரலைக் கண்டுபிடித்தது சில புத்தகங்கள் கழித்துத்தான். முதலிலிருந்து வரிசையாக வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அவருடைய மிகச் சிறந்த புத்தகங்களை எட்டுவதற்குள் சலிப்பு வரக்கூடும். மனிதநேயத்தையும் சிரிப்பையும் இப்படிச் சேர்த்து எழுதியவரை அப்படி இழப்பது பெரிய நஷ்டம்.

நல்லவேளையாக, ஒவ்வொரு நாவலும் தனியாக நிற்கும். பாத்திரங்கள் மட்டும் சில இழைகளாக ஓடுகின்றன. என் தேர்வு காவல்படை இழை: ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989). யாரும் மதிக்காத இரவுக்காவல் படை, குடியில் மூழ்கிய தலைவர் சாம் வைம்ஸ், ஊருக்குள் ஒரு டிராகன். அடுத்து ‘மென் அட் ஆர்ம்ஸ்’ (1993), ‘ஃபீட் ஆஃப் க்ளே’ (1996) என்று போனால், சிரிக்க வைத்துக்கொண்டே ஒரு மனிதர் நிமிர்வதையும் ஒரு நகரம் வேற்று இனத்தாரோடு வாழக் கற்பதையும் பார்க்கலாம். 2002இல் வந்த ‘நைட் வாட்ச்’ இந்த இழையின் சிகரம். அதை மட்டும் முதலில் எடுத்துவிடாதீர்கள், வைம்ஸை முன்பே தெரிந்திருந்தால்தான் அது நெஞ்சைத் தொடும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ‘தி வீ ஃப்ரீ மென்’ (2003) நல்ல வாசல். ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்கிறவருக்கு ‘ஸ்மால் காட்ஸ்’ (1992). பக்தி, நிறுவனம், உண்மையான நம்பிக்கை பற்றி அவ்வளவு கனிவோடு எழுதிய இன்னொரு ஃபேன்டஸி நாவலை நான் படித்ததில்லை.

கதைக்கால வரிசைக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இரண்டாம் வாசிப்பில் உண்டு. எல்லாம் தெரிந்தபின் அசிமோவின் பட்டியலைப் பிடித்து ரோபோக்களிலிருந்து மறுபடி நடந்து வந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரே பாதையாக விரியும். முதல் தடவை பொருளில்லாமல் தோன்றிய ஒரு வாக்கியம் இப்போது நின்று படிக்க வைக்கும். நார்னியாவும் அப்படியே. இரவில் பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவர்கள் இரண்டாம் சுற்றில் படைப்பிலிருந்து தொடங்கினால், தெருவிளக்கு முளைக்கும் இடத்தில் பிள்ளைகளே கத்திவிடுவார்கள்.

இனி, என் பிரியத்துக்குரிய எர்த்ஸீ. உர்சுலா லெ குயினின் இந்தத் தொடரை வெளிவந்த வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று கெஞ்சியே கேட்பேன். ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’ 1968இல், மூன்றாவதான ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’ 1972இல் வந்தன. நான்காவது, ‘டெஹானு’, 1990இல். கதைக்குள் மூன்றாவது முடியும் இடத்திலேயே நான்காவது பிடித்துக்கொள்கிறது. எழுதியவருக்கோ நடுவில் 18 ஆண்டு ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் அவர், தான் கட்டிய உலகத்தில் பெண்களுக்கு ஏன் மந்திரப்பள்ளியில் இடமில்லை, வலிமையை இழந்தவன் எப்படி வாழ்வான் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் மூன்றும் சாகசம். நான்காவதில் ஒரு விதவையும் தீயில் கருகிய குழந்தையும் ஆட்டுக்கொட்டகையும் தான். மூன்றாவதை முடித்த மறுநாளே நான்காவதை எடுத்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். சில மாதம் விட்டு, வேறு ஏதாவது படித்துவிட்டு வாருங்கள்.

2001இல் இரண்டு புத்தகங்கள் வந்தன: ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ என்ற சிறுகதைத் தொகுப்பும், கடைசி நாவலான ‘தி அதர் விண்ட்’டும். சிறுகதைகள்தானே என்று பலர் தொகுப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதிலுள்ள ‘டிராகன்ஃப்ளை’ என்ற கதை நான்காவது நாவலுக்கும் கடைசி நாவலுக்கும் நடுவில் உள்ள பாலம். அதைப் படிக்காமல் ‘அதர் விண்ட்’டுக்குள் போனால் ஒரு முக்கியமான பெண் யாரென்றே புரியாது. 2018இல் எல்லாவற்றையும் சேர்த்துச் சார்ல்ஸ் வெஸ் வரைந்த படங்களோடு ஒரே பெரிய நூலாக வெளியிட்டார்கள். அழகான புத்தகம், ஆனால் படுத்துக்கொண்டு படிக்க முடியாத கனம். தனித்தனிப் புத்தகமாக வாங்குகிறவர்கள் முதலாவதை மட்டும் வாங்கிப் பார்க்கலாம். சிறிய நாவல்தான், தனியாகவே முழுமையாக நிற்கும், பிடிக்காவிட்டால் பெரிய செலவும் இல்லை. பழைய புத்தகக் கடையில் இரண்டாவதான ‘தி டூம்ஸ் ஆஃப் அடுவான்’ மட்டும் கிடைத்தால்? தாராளமாக வாங்கிவிடலாம். அது வேறொரு தீவில், வேறொரு பெண்ணின் இருண்ட கோயிலில் தொடங்குகிறது. முதல் நாவலின் நாயகன் சில அத்தியாயங்கள் கழித்துத்தான், அவளுக்கு அந்நியனாக, உள்ளே வருகிறான். அவளோடு சேர்ந்து நாமும் அவனை முதன்முதலாகப் பார்க்கலாம்.